தம்பதியருக்கான முழு உடல் பரிசோதனை

ஜூன் 3, திங்கள்

இன்று முதல் எழுதலாம் என்று முடிவு. பிரஷர் மாத்திரையைக் கூட்டிக் கொடுத்த டாக்டர், "காலைல எந்திச்சதும் பிரஷர் பாத்து எழுதி வைங்க சார். மனசுல பட்டதையும் ரெண்டு வரி எழுதுங்க, அதுவும் மருந்துதான்" என்றார். நூற்பாலை ஸ்டோரில் இருந்தவரை தினமும் எழுதிய கை. ஓய்வுபெற்ற ஒரே வருஷத்தில் எழுத்து கோணல் மாணலாகிவிட்டது.

காலை பிரஷர் 146/92. அண்ணன் போனது ஐம்பத்தொன்பதில். பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். எனக்கு வருகிற ஆவணியில் ஐம்பத்தொன்பது.

சென்னையிலிருந்து சிந்துஜா பேசினாள். அவள் கம்பெனியில் வருஷம் ஒரு தடவை எல்லாரையும் உடல் பரிசோதனைக்கு அனுப்புகிறார்களாம். "இருபத்தேழு வயசுல எனக்கே பாக்குறாங்கப்பா. அம்பதத் தாண்டுன நீங்க ரெண்டு பேரும் ஒருதடவகூடப் பாக்கல. திருநெல்வேலில தம்பதியருக்குன்னு ஒரு பேக்கேஜ் இருக்கு. பணம் கட்டிட்டேன். சனிக்கிழம போறீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். கேட்கவெல்லாம் இல்லை, உத்தரவுதான். அவள் அம்மாவின் குணம்.

செண்பகம் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னதும் கை நின்றது. "எனக்கு என்னத்துக்கு அத்தான்? நீங்க மட்டும் பாருங்க" என்றாள். பணம் கட்டியாகிவிட்டது என்றேன். மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

ஜூன் 8, சனி

வெறும் வயிற்றோடு கோவில்பட்டியிலிருந்து முதல் பஸ். ஆஸ்பத்திரிச் சுவரில் பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். எந்த வயதில் ஆணுக்கு என்ன பார்க்க வேண்டும், பெண்ணுக்கு என்ன பார்க்க வேண்டும் என்று. ஐம்பதுக்கு மேல் ஆணுக்கு இதயம், புராஸ்டேட், குடல். எனக்கு உரியதை இரண்டு தடவை படித்தேன். குடல் என்று ஒன்று இருப்பதே அதுவரை நினைவில்லை.

ரத்தம், ஈசிஜி, ஸ்கேன். பிறகு டிரெட்மில். ஓடும்போது நெஞ்சில் ஒட்டிய ஒயர்களைப் பார்க்கப் பார்க்க எனக்கே படபடப்பு. மெஷினை ஓட்டியவன் திரையில் எதையோ பார்த்து உதட்டைப் பிதுக்கினான். கேட்டதற்கு, "டாக்டர் சொல்லுவாங்க சார்" என்றான். இப்படிச் சொன்னால் என்ன அர்த்தம்?

செண்பகத்துக்கு மார்பக எக்ஸ்ரே முடிந்து, பெண் டாக்டர் அறைக்கு அனுப்பினார்கள். போனவள் போன வேகத்தில் வெளியே வந்தாள். பின்னாலேயே நர்ஸ் வந்து, "அம்மா, இன்னைக்கு இல்லன்னாலும் அடுத்த வாரம் கண்டிப்பா வரணும், விட்றாதீங்க" என்றாள். என்ன என்று கேட்டேன். "சும்மாதான். லேடீஸ் சமாச்சாரம். இன்னொரு நாள் பாத்துக்கிடலாம்" என்றாள் செண்பகம்.

சீக்கிரம் முடிந்ததும் நல்லதுக்குத்தான். பசி கண்ணை அடைத்தது. எதிர் ஓட்டலில் வெண்பொங்கல் சாப்பிட்டோம். அவள் பாதியை என் இலைக்குத் தள்ளிவிட்டாள்.

ஜூன் 12, புதன்

ரிப்போர்ட் வந்துவிட்டது. சர்க்கரை எல்லையில் நிற்கிறது. கொழுப்பு கூடுதல். டிரெட்மில்லில் சந்தேகம் இருக்கிறது, ஆஞ்சியோ பார்த்துவிடுவது நல்லது என்று எழுதியிருக்கிறார்கள். அந்தக் காகிதத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. செண்பகம் பக்கத்தில் வந்து முதுகைத் தடவினாள். "உங்களுக்கு ஒண்ணும் வராது அத்தான். நான் இருக்கேம்லா" என்றாள்.

அவளுக்கு ரத்தம் குறைவாம். வேறொன்றுமில்லை. பேரீச்சம்பழம் வாங்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

142/90. சாமி விளக்கை இன்றைக்கு என்னை ஏற்றச் சொன்னாள். முட்டி வலியாம், உட்கார்ந்து எழ முடியவில்லையாம். எனக்குத் திரி சரியாக நிற்கவில்லை. எண்ணெயில் விழுந்து இரண்டு தடவை அணைந்துவிட்டது. அபசகுனமோ என்று மனது அடித்துக்கொண்டது. ஆஞ்சியோவுக்கு முன்னால் இப்படியா நடக்க வேண்டும்?

ஜூன் 20, வியாழன்

உப்பில்லாத சாம்பார். எண்ணெய் இல்லாத பொரியல். எல்லாவற்றையும் எனக்காக மாற்றிவிட்டாள், தனக்கும் அதையே போட்டுக்கொள்கிறாள். படுக்கையில் வெள்ளை விரிப்பை எடுத்துவிட்டு மெரூன் விரிப்பு போட்டிருக்கிறாள். எதுக்கு என்று கேட்டால், "அழுக்குத் தெரியாதுல்லா" என்கிறாள். இதே அவள்தான் வெள்ளை விரிப்புக்காக என்னோடு சண்டை போட்டு வாங்கியவள்.

மதியம் தூங்கிவிட்டாள். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. வயது ஐம்பத்து மூன்று ஆகிறதே, அசதி இருக்கத்தான் செய்யும்.

ஜூன் 27, வியாழன்

மதுரையில் ஆஞ்சியோ முடிந்தது. பெரிய அடைப்பு எதுவும் இல்லை. மாத்திரையிலேயே சரிசெய்யலாம். டாக்டர் கையைக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிந்துஜா போனில் அழுதாள். செண்பகம் என் காலைப் பிடித்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் நின்றாள்.

லிஃப்டில் இறங்கும்போது அவளுக்குத் தலை சுற்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கவலையில் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. நர்ஸ் ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள். "சார், பேஷண்ட் நீங்களா அவங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டோம்.

மருந்துக் கடையில் என் மாத்திரைகளோடு செண்பகமும் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பெண்கள் உபயோகிக்கிறதுதான். சிந்துஜா வரும்போது கொடுப்பதற்காக இருக்கும்.

ஜூலை 2, செவ்வாய்

134/86. நிம்மதி. நடை போய் வந்தேன்.

ஜூலை 19, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பக்கத்து வீட்டு சொர்ணம் பட்டுச்சேலை கட்டி, பூத்தட்டோடு வாசலில் வந்து நின்றாள். வருஷா வருஷம் இருவரும் சேர்ந்துதான் அம்மன் கோயிலுக்குப் போவார்கள். செண்பகம் நடையைத் தாண்டவில்லை. "நீங்க போயிட்டு வாங்க மதினி. எனக்கு முட்டி முடியல" என்று உள்ளிருந்தே சொன்னாள்.

சொர்ணம் ஒரு நிமிஷம் அவளையே பார்த்தாள். "அம்மன் பேர வச்சுக்கிட்டு ஆடி வெள்ளிக்கு வராம இருக்கியே, என்ன செண்பகம்?" என்றாள். எங்கள் ஊர் அம்மன் பெயரைத்தான் அவளுக்கு வைத்திருக்கிறார்கள்.

பிறகு பார்த்தால் துணி காயப்போட மாடிக்கு இரண்டு தடவை ஏறி இறங்குகிறாள். துணியெல்லாம் கருநீலம், கறுப்பு, மெரூன்.

ஜூலை 26, வெள்ளி

இன்றும் கோயில் இல்லை. கொஞ்சம் கோபமாகவே கேட்டுவிட்டேன். "எனக்கு ஆஞ்சியோவுல ஒண்ணும் இல்லன்னு வந்துருக்கு. அம்மனுக்கு ஒரு மாலையாவது போட வேண்டாமா? இப்படி வீட்ல அடஞ்சு கிடந்தா சாமி என்ன நினைக்கும்?"

அவள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே, "சாமிக்குத் தெரியும்" என்றாள்.

விளக்கை நானே ஏற்றினேன். கை பழகிவிட்டது. பூஜை அறைக்குள் அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கூடத்தில் நின்றே கும்பிட்டாள். முகம் வெளுத்துப் போயிருக்கிறது. பேரீச்சம்பழம் அப்படியே இருக்கிறது.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சாயங்காலம் சிந்துஜா பேசினாள். அம்மா எங்கே என்றாள். படுத்திருக்கிறாள் என்றேன். விளக்கு வைக்கிற நேரத்தில் என்ன படுக்கை என்று கேட்டாள். நான் வேடிக்கையாகத்தான் சொன்னேன்: "உங்கம்மா நாத்திகம் ஆயிட்டா. விளக்கு ஏத்துறது இப்ப நாந்தான். மூணு ஆடி வெள்ளி போச்சு, கோயில் பக்கமே எட்டிப் பாக்கல. பூஜ ரூமுக்குள்ளயே போகமாட்டேங்கா."

இணைப்பு போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"எத்தன நாளாப்பா?"

"ஆச்சு, ஜூன்லருந்து. நாங்க டெஸ்ட் எடுத்துட்டு வந்ததுலருந்துன்னு வையி."

"தொடர்ந்தா? இடையில ஒரு வெள்ளிகூட அம்மா விளக்கு ஏத்தலயா?"

"இல்ல."

"அம்மாட்ட போனக் குடுங்க."

கொடுத்தேன். செண்பகம் போனை வாங்கிக்கொண்டு பின்கட்டுக்குப் போய்விட்டாள். திரும்பி வந்து, "நாளைக்கு சிந்து வாராளாம்" என்றாள். என்ன விசேஷம் என்று கேட்டேன். பார்க்கணும் போலிருக்காம் என்றாள்.

ஆகஸ்ட் 3, சனி

காலை ரயிலில் வந்து இறங்கினாள். நேரே அம்மாவை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் காப்பி போட்டு வைத்தேன். ஆறிப்போனது. மறுபடி சுட வைத்தேன். அதுவும் ஆறியது.

கதவு திறந்தபோது சிந்துஜாவின் கண் சிவந்திருந்தது. "அப்பா, அம்மாவுக்குத் தூரம் நின்னு எவ்வளவு நாளாச்சு, தெரியுமா?"

பெற்ற மகளிடம் இதையெல்லாம் எப்படிப் பேசுவது? "ரெண்டு மூணு வருஷம் இருக்கும்" என்றேன்.

"நின்னது மறுபடி வந்துருக்கு. நிக்காமப் போயிக்கிட்டே இருக்கு. அதான் சாமி ரூமுக்குள்ள போகல. அதான் கோயிலுக்குப் போகல. நீங்க நாள்பூரா இந்த வீட்லதானப்பா இருக்கீங்க?"

செண்பகம் உள்ளேயிருந்து, "அவரு மேல ஏன் எரிஞ்சு விழுத? அவருக்கே நெஞ்சு சரியில்ல" என்றாள்.

திங்கள்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாள். ஒன்றும் இருக்காது. சிலருக்கு இப்படி வந்து போகும் என்று எங்கோ படித்த ஞாபகம்.

ஆகஸ்ட் 5, திங்கள்

திருநெல்வேலியில் பெண்களுக்கான டாக்டர், மெர்லின் என்று பெயர். நடுவயது, மெதுவான குரல். நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். "எப்போலருந்து?" என்று டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். என் பிரஷர் என்றால் எந்த நாளைக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். இதற்கு நான் செண்பகத்தைப் பார்த்தேன்.

"சித்திரைலருந்து" என்றாள் செண்பகம்.

சித்திரை. அப்படியானால் பரிசோதனைக்கு முன்பே. அந்த அறைக்குள் போய்த் திரும்பி வந்தபோதே.

"மொதல்ல லேசாத்தான் பட்டுச்சு டாக்டர். வயசு திரும்புதுன்னு நானே சிரிச்சுக்கிட்டேன். பெறகு கூடிருச்சு. அன்னைக்கு செக்கப்புல நர்ஸம்மா டேபிள் மேல ஏறிப் படுக்கச் சொன்னாங்க. அந்தக் கோலத்துல எப்படிப் படுக்க? வெக்கமாப் போச்சு. அடுத்த வாரம் வரலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள இவுகளுக்கு ஆஞ்சியோ பாக்கணும்னுட்டாங்க. அந்த நேரத்துல போயி இதச் சொன்னா தாங்குவாகளா?"

டாக்டர் கோபப்படவில்லை. "ரத்தம் வருதுன்னாதாம்மா கண்டிப்பா பாக்கணும். அதுல எங்களுக்கு என்ன அசிங்கம்?" என்றார். உள்ளே கூட்டிப்போனார். இந்தத் தடவை வெகுநேரம் ஆனது.

கர்ப்பப்பையின் உட்சுவர் தடித்திருக்கிறதாம். கொஞ்சம் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். வாடகைக் காரில் திரும்பினோம். கயத்தாறு தாண்டியதும் செண்பகம், "மாத்திர போட்டீகளா அத்தான்?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ரிசல்ட் இன்னும் வரவில்லை. சிந்துஜா வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். நான் போஸ்ட் ஆபீஸ் போய் வந்தேன். மழை வரும்போல் இருட்டிக்கொண்டு வந்து, வராமலே போய்விட்டது.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

வந்துவிட்டது. அந்த வார்த்தையை இங்கே எழுத வேண்டாம்.

ஆகஸ்ட் 14, புதன்

சிந்துஜா இன்று என்னை உலுக்கிவிட்டாள். "அது, அந்த வியாதி, அப்படின்னே சொல்லிக்கிட்டிருக்கீங்க. புத்துநோய்ப்பா. கர்ப்பப்பைல புத்துநோய். வாயால சொல்லுங்க. சொல்லலன்னா இல்லாமப் போயிருமா?"

சொன்னேன். சொல்லும்போது செண்பகம் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் நிற்கவே இல்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

மதுரையில் ஆபரேஷன். கர்ப்பப்பையோடு சேர்த்துப் பக்கத்திலிருந்த நிணநீர் முடிச்சுகள் சிலவற்றையும் எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். உள்ளே தள்ளிக்கொண்டு போகும்போது தாலியைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். நர்ஸ் கழற்றச் சொன்னதால்தான். சட்டைப்பையில் வைக்க மனசு வரவில்லை. வெளியே வரும்வரை உள்ளங்கையிலேயே வைத்திருந்தேன். விரலைப் பிரித்தபோது தோலில் அச்சு விழுந்திருந்தது.

கண் விழித்ததும் அவள் கேட்டது: "சாப்பிட்டீகளா?" சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

எழுந்து நாலடி நடந்தாள். என் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "உங்க மேல சாஞ்சா நீங்க விழுந்துருவீக" என்று கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

பக்கத்துக் கட்டில் பெண் நாற்பது வயதிலேயே பரிசோதனைக்குப் போய்க் கண்டுபிடித்தவளாம். சின்னதாக இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள், நாளைக்கு வீட்டுக்குப் போகிறாள். செண்பகத்துக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். நான் எழுந்து வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

செப்டம்பர் 3, செவ்வாய்

முடிச்சுகளின் ரிப்போர்ட் சொல்கிற நாள். மதுரை டாக்டர் அறை வாசலில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் முறை வரப்போகிற நேரத்தில் செண்பகம், "அத்தான், எனக்கு ஒரு காப்பி வாங்கிட்டு வாரீகளா? கீழ கேன்டீன்ல. சீனி கம்மியா" என்றாள். சிந்துஜா கையில் வைத்திருந்த செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருவரும் முன்பே பேசி வைத்திருக்கிறார்கள்.

நான் எழுந்தேன். படி வரைக்கும் போனேன். அங்கே நின்றேன். ஒரு விஷயத்தை இங்கே எழுதிவிடுகிறேன்: எனக்குக் கீழே போகத்தான் ஆசையாக இருந்தது. காப்பியை வாங்கி மெதுவாக ஏறி வந்தால் எல்லாம் முடிந்திருக்கும். செண்பகம், "நல்லாருக்காம்" என்று சொல்லுவாள். நானும் நம்பிக்கொள்ளலாம். நான் அப்படி நம்பக்கூடியவன் என்பது அவளுக்குத் தெரியும்.

திரும்பி வந்தபோது அவர்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். கதவைத் தள்ளினேன். டாக்டர் பேச்சை நிறுத்தினார்.

"காப்பி?" என்றாள் செண்பகம்.

"வாங்கல. நானும் இருக்கேன்."

"நீங்க பயந்துருவீக அத்தான்."

"பயந்தா பயந்துட்டுப் போறேன். தள்ளி உக்காரு."

டாக்டர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். கர்ப்பப்பையைத் தாண்டிவிட்டது. எடுத்த முடிச்சுகளில் இரண்டில் இருக்கிறது. மருந்து ஏற்ற வேண்டும், கதிர்வீச்சு கொடுக்க வேண்டும். "குணமாகுறவங்க இருக்காங்க. ஆனா நான் உறுதி சொல்லமாட்டேன்" என்றார். சித்திரையிலேயே வந்திருந்தால் என்று அவர் சொல்லவில்லை. அறையில் யாருமே சொல்லவில்லை.

"மருந்து ஏத்துனா இவளுக்கு வலிக்குமா?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை. டாக்டர் பொறுமையாகச் சொன்னார். செண்பகம் என் பக்கம் திரும்பி, நான் ஏதோ புது ஆள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

எழும்போது டாக்டர் சிந்துஜாவிடம் பேசினார். அவளுக்கு இனி வருஷா வருஷம் பரிசோதனை கட்டாயமாம். முப்பது, நாற்பது என்று காத்திருக்கக் கூடாதாம். ரத்தத்தில் பார்க்கிற ஒரு சோதனையும் உண்டாம், இது குடும்பத்தில் வருகிற வகையா என்று தெரியும். சிந்துஜா சரி சரி என்று தலையாட்டினாள். அதுவரை அசையாமல் இருந்த செண்பகத்தின் கை அப்போதுதான் நீண்டு சிந்துஜாவின் மணிக்கட்டைப் பிடித்தது. இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். ஐஸாக இருந்தது.

செப்டம்பர் 11, புதன்

முதல் மருந்து ஏற்றினார்கள். நாள் முழுக்க நாற்காலி. சொர்ணம் சாப்பாடு கொடுத்து அனுப்பியிருந்தாள்.

செப்டம்பர் 14, சனி

வாந்தி. எதுவும் தங்கவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

சிந்துஜா ரத்தம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். ரிசல்ட் வர மூன்று வாரம் ஆகுமாம். செண்பகம் அவள் நடந்து போகும்போதெல்லாம் பின்னாலேயே பார்க்கிறாள்.

செப்டம்பர் 24, செவ்வாய்

சிந்துஜா ஆபீஸில் தலைகாட்டிவிட்டு வர நேற்று சென்னை போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும்.

மதியம் செண்பகம், நாக்கு செத்துப் போச்சு, நார்த்தங்காய் ஊறுகாய் கிடைத்தால் ஒரு வாய் மோர்ச்சோறு இறங்கும் என்றாள். அவளாக ஒன்று வேண்டும் என்று கேட்டு எத்தனையோ நாளாகிவிட்டது. பஜார் முழுக்க அலைந்து ஒரு கடையில் வாங்கிவிட்டேன். வெயில் கொளுத்தியது. ஓட்டமும் நடையுமாக வந்தேன்.

கூடத்தில் பாயில் படுத்திருந்தாள். ஒருக்களித்து, கையை மடக்கித் தலைக்குக் கொடுத்து. கூப்பிட்டேன். அசைவில்லை. பையை வைத்துவிட்டுப் பக்கத்தில் குனிந்தேன். நெஞ்சின் மேல் சேலை அசைந்தது. ஆனால் தலைக்கு மேல் ஃபேன் சுழன்றுகொண்டிருந்தது. காற்றில் அசைகிறதா, மூச்சில் அசைகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்க்கக் கை வரவில்லை.

எழுந்து போய் ஃபேனை அணைத்தேன். றெக்கைகள் வேகம் குறைந்து, ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரிந்து, நின்றன. சேலையையே பார்த்துக்கொண்டு சுவரோரம் நின்றேன்.

சேலை ஏறியது. இறங்கியது. மறுபடி ஏறியது.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் புழுக்கம் தாங்காமல் அவள் கண் விழித்தாள். கழுத்து வியர்வையை முந்தானையால் துடைத்துக்கொண்டே மேலே பார்த்தாள்.

"ஃபேன் ஏன் நின்னுருக்கு அத்தான்?"

"கரண்டு போயிட்டு" என்றேன். விசிறி மட்டையைத் தேடி எடுத்து வந்து வீசிக்கொண்டிருந்தேன்.